மணி அடித்தபோது முன்னால் இருந்தவர்

ஈப்போ பாடாங்கில், அதாவது ஊர் விளையாட்டுத் திடலில், நான் வேலை பார்த்த காலம் முழுவதும் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, இன்றைக்கு மழை வருமா என்பது. அதற்கு அடுத்தது, பிரகாசம் கெட்டியா கருப்பையா கெட்டியா என்பது. முதல் கேள்விக்கு எப்போதும் "வரும்" என்றே சொல்லிவந்தேன். வராவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இரண்டாவது கேள்விக்கு மட்டும் வாயைத் திறந்ததே இல்லை.

இப்போது திடல் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். என் இடத்தில் வேலை செய்கிற தம்பிகளுக்குப் புல் வெட்ட எஞ்சின் வந்திருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டே, இன்றைய ஆட்டக்காரர்களில் யாருக்கு உடம்பு வலிமை அதிகம் என்று வாதாடுகிறார்கள். என்னை வழியனுப்பிய தேநீர் விருந்தில் பழைய கேள்வி மறுபடியும் வந்தது. "நீங்கதான் கண்ணால பார்த்த ஆளு. ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்கண்ணே" என்றார்கள். அந்த இரண்டு பேருமே இப்போது இல்லை. இனி எழுதினால் யாருக்கும் சங்கடம் வராது என்று நினைக்கிறேன். வருமோ என்று கொஞ்சம் பயமும் இருக்கிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டேன். சில வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் புல்வெட்டு. பிறகு சித்தப்பாவோடு ஈப்போவுக்கு வந்து பாடாங்கில் கூலியாகச் சேர்ந்தேன். படித்த கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் வீராசாமி மண்டோரிடம் கற்றது.

மண்டோர் என்றால் எங்களுக்கு மேலாள். வீராசாமி மண்டோர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். காதருகே வந்து பேசினால் தொலைந்தோம் என்று அர்த்தம். காலையில் திடல் ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஒரு சுற்று நடப்பார். எங்கே ஈரம், எங்கே வேர் செத்துப் போயிருக்கிறது என்பதெல்லாம் பாதத்துக்குத் தெரியும். ஆட்டத்தில் புல் பெயர்ந்த இடத்தைக் கண்டால் குனிய மாட்டார். குதிகாலால் பெயர்ந்த மண்ணை இழுத்துப் பள்ளத்தில் வைத்து, ஒரு தடவை அழுத்துவார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி இருக்கும்.

எதையும் மூன்று தரம் கேட்கிற கெட்ட பழக்கம் எனக்கு. சுண்ணாம்பு போதுமா, கயிறு நேராக இருக்கிறதா, கோல் கம்பம் சாய்ந்திருக்கிறதா என்று ராத்திரி படுக்கையில்கூட யோசிப்பேன். வேறு மண்டோராக இருந்தால் துரத்தியிருப்பார். இவர் எந்த வேலையைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்லிவிட்டு, "ரெண்டு தரம் சொல்லிட்டேன் நடேசா. மூணாவது தரத்த உன் மனசுக்குள்ளயே கேட்டுக்க" என்பார். அந்த மனுஷருக்கு நான் பட்ட கடன் பெரிது.

என் முக்கியமான வேலை கோடு போடுவது. சிம்பாங் பூலாய் சூளையிலிருந்து மாட்டு வண்டியில் சுண்ணாம்புக் கல் வரும். அதை மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டுத் தண்ணீர் விட்டால் பொங்கிக் கொதிக்கும். கொதி அடங்கினாலும் உடனே எடுக்கக் கூடாது. சில நாள் ஊறவிட்டு, கோணிச் சாக்கில் வடிகட்டி, கட்டி எதுவும் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கோட்டுக்கு ஊற்ற வேண்டும். பச்சைக் கட்டி ஒன்று தப்பிக் கிடந்தால் ஈரத்தில் விழுகிறவன் கண்ணைப் பொசுக்கிவிடும். இந்தப் பயத்தில் நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வடிகட்டுவேன். மண்டோர் அதைப் பார்த்துவிட்டு, கவலைக்காரனுக்கு ஏற்ற வேலை இதுதான் என்று என்னிடமே விட்டுவிட்டார்.

பிரகாசம், கருப்பையா இருவரையும் நான் முதலில் பார்த்தது கால்பந்து ஆட்டக்காரர்களாகத்தான். இருவரும் சென்டர் ஹாப். திடலின் நடுவில் நின்று எதிரியையும் தடுத்து, முன்னால் நிற்கிறவர்களுக்குப் பந்தையும் அனுப்பி, மொத்த ஆட்டத்தையும் நடத்துகிற இடம் அது.

பிரகாசம் ஈப்போக்காரர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். ஒரு பட்டறையில் சம்மட்டி அடித்தவர். நல்ல உயரம். உயரப் பந்துக்கு மற்றவர்கள் குதித்து இறங்குகிற நேரத்தில் இவர் இன்னும் மேலேயே இருப்பார். மழையில் ஊறிய தோல் பந்து பூசணிக்காய் மாதிரி கனக்கும். அதன் வார் முடிச்சு நெற்றியைக் கிழிக்கும் என்று பலர் தலையை ஒதுக்குவார்கள். அவர் நெற்றியைக் கொடுத்துத் தள்ளுவார். ஓட்டத்தில் தொடக்கம் மந்தம். ஆனால் வேகம் பிடித்த பிறகு எட்டு நீண்டுகொண்டே போகும். தோல் கட்டை வைத்த பூட்ஸ் போட்டு ஓடுகிற சத்தத்தில் திடல் ஓரம் அதிரும்.

கருப்பையா ஈப்போவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர். ரப்பர் மரம் சீவுவதைத்தான் அங்கே மரம் வெட்டுவது என்போம். குள்ளம். பூட்ஸ் கிடையாது, கணுக்காலில் துணி சுற்றியிருப்பார். விடியுமுன் தொடங்கி மரத்துக்கு மரம் ஓடி, குனிந்து, நிமிர்ந்து, சுற்றி, மறுபடியும் ஓடி வளர்ந்த உடம்பு. பால் வாளி இரண்டைத் தோள் கம்பில் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் சிந்தாமல் ஓடினவர். அதனால் இடுப்புக்கு மேலே அசைவே இருக்காது, கால் மட்டும் ஓடும். அவரை மோதித் தள்ள முடியாது. தள்ளப் போனவன் விழுவான். ஓடுகிற ஓட்டத்தில் சடக்கென்று திரும்புவார், பந்தும் கூடவே திரும்பும்.

இருவரும் எதிரெதிராக ஆடிய ஒரு ஆட்டம் நினைவிருக்கிறது. தோட்டத்து அணியும் பட்டறை அணியும். முதல் பாதி முழுக்க மழை. பந்து ஆகாயத்திலேயே இருந்தது, பிரகாசத்தின் ராஜ்ஜியம். மழை விட்டதும் கருப்பையா பந்தைத் தரையை விட்டு எழும்ப விடவில்லை. பிரகாசம் மூச்சு வாங்க இடுப்பில் கை வைத்து, "என்னா கருப்பையா, பந்த தரையில ஆணி அடிச்சு வச்சிட்டியா?" என்றார். "உனக்குக் குனிய நோவுதுன்னா சொல்லு அண்ணே, எடுத்துக் குடுக்கிறேன்" என்றார் கருப்பையா. ஆட்டம் சமனில் முடிந்தது. அந்த வாரம் முழுக்கக் கோப்பிக்கடைகளில் வேறு பேச்சில்லை.

பிறகு காறை எலும்பு முறிந்து பிரகாசம் ஆட்டத்தை விட்டார். கருப்பையாவின் தோட்டத்தில் துரை மாறி, அணியே கலைந்தது. அதை அடுத்து ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டணத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். பட்டறைகளும் பாதி மூடின.

இந்த நேரத்தில் பாடாங்கில் ஒரு ஆள் வேலை காலியானது. மண்டோரிடம் இருவருமே வந்து நின்றார்கள், ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாமல். பிரகாசத்துக்கு வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், குடும்பம் தம்பியின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. கருப்பையாவின் பெயர் கப்பலுக்குப் போகிறவர்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அவள் இங்கேயே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். நாகப்பட்டணத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. ஈப்போவில் வேலை இருக்கிறது என்று மண்டோர் போய்ச் சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்கள். கருப்பையா அதைக் கெஞ்சிக் கேட்கவில்லை. "கடல்ல வச்சு நோவு கண்டுட்டா என்னா செய்றதுன்னுதான் மண்டோர்" என்று மட்டும் சொன்னார்.

மண்டோர் மனசுக்குள் முடிவு செய்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் பாடாங்கை நடத்துகிற கிளப்பின் செயலாளர் துரை காதுக்கு விஷயம் போய்விட்டது. அவர் முன்பு தோட்டத்தில் இருந்தவர், தோட்டத்துத் தமிழ் பேசுவார். பெயர்போன இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரே வேலைக்கு நிற்கிறார்கள் என்றதும் அவருக்கு உற்சாகம். சனிக்கிழமை சாயங்காலம் இருவரையும் வரச் சொல், உறுப்பினர்கள் பார்க்கட்டும், யார் கெட்டியோ அவனுக்கு வேலை என்றார். மண்டோர் அன்றைக்கு என் காதருகே வந்து, "மாட்டுச் சந்தை" என்றார். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி அதற்கு முன்பு கேட்டதில்லை.

சனிக்கிழமை மழை பெய்து ஓய நேரமாகிவிட்டது. வேலைக்கு ஏற்ற சோதனை என்று முதலில் ரோலர் இழுக்க விட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்து இழுக்கிற கல் ரோலர் அது, ஒவ்வொருவராகத் தனியே இழுக்க வேண்டும். பிரகாசம் தோளைக் கொடுத்து இழுத்தார். கருப்பையா உடம்பைத் தரையோடு சாய்த்து இழுத்தார். இருவருமே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். துரைமார்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அப்படியென்றால் திடலை ஒரு சுற்று ஓடட்டும் என்றார் செயலாளர்.

கிளப் கட்டடத்துக்கு எதிர்க் கோடி மூலையில் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு என்னை நிற்கச் சொன்னார்கள். அதைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். அங்கே நின்றுகொண்டு நான் பட்ட கவலை கொஞ்சமில்லை. கருப்பையா வெறுங்காலில் ஓடுகிறாரே, கோட்டில் கட்டி ஏதாவது கிடக்குமோ என்று இரண்டு தடவை குனிந்து தடவிப் பார்த்தேன். ஈரத்தில் வழுக்குமோ என்று பார்த்தேன். மண்டோரும் அந்தப் பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார்.

விசில் ஊதியதும் கருப்பையாதான் முன்னால் பாய்ந்தார். பாதித் தூரம் வரைக்கும் பிரகாசம் பின்னால்தான். பிறகு அந்த நீண்ட எட்டு விழ ஆரம்பித்தது. என் மூலையை நெருங்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக வந்தார்கள். இன்னும் நெருங்கியபோது பிரகாசத்தின் நெஞ்சு முன்னால் வந்துவிட்டது. நான் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சந்தேகமே இல்லை.

அப்போது மாதா கோயில் மணி அடித்தது.

சாயங்கால திரிகால செபத்துக்கு அடிக்கிற மணி. வேதக்காரர்கள் எங்கே இருந்தாலும் அந்த மணிக்கு நின்று செபம் சொல்லுவார்கள். பிரகாசம் பட்டறையில் சம்மட்டியைக்கூடக் கீழே வைத்துவிடுவார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் அடி விழுந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. பூட்ஸ் புல்லைக் கிழித்துக்கொண்டு போய் ஊன்றியது. கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கருப்பையா ஓடியே போயிருக்க வேண்டும். போயிருந்தால் எல்லாமே முடிந்திருக்கும். ஆனால் தோட்டத்தில் மரம் வெட்டுகிறவனுக்கும் ஒரு மணி உண்டு. ஸ்டோரில் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். தட்டினதும் உளியை வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு, முதலில் வெட்டிய மரத்துக்குத் திரும்பிப் போய்ப் பால் எடுக்க வேண்டும். தாமதித்தால் பால் கட்டிவிடும், கங்காணி ஏசுவான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த மணிக்கு நின்ற உடம்பு அவருடையது. ஓடின வேகத்தில் பிரகாசத்தைத் தாண்டிப் போய் ஓரடியில் நின்று, வந்த பக்கமே திரும்பிவிட்டார். வலது கை கீழே போய் எதையோ துழாவியது.

துரைமார்கள் எதிர்க் கோடியில் சிரிப்பது எனக்குக் கேட்டது. இங்கே என் கொடிக்கம்புக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். ஒருவர் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டு. ஒருவர் வாளியைத் தேடிக்கொண்டு.

செயலாளர் பூட்ஸ் காலோடு ஈரப் புல்லில் குறுக்கே நடந்து வந்தார். மணி அடித்தால் திடலை மூட வேண்டும் என்பது கிளப்பின் விதி. அவரே போட்டது. அதனால் மறுபடியும் ஓடவிட முடியாது. மணி அடிக்கும்போது யார் முன்னால் இருந்தானோ அவனுக்கு வேலை என்றார். மண்டோரைப் பார்த்து, "யார் மொதல்ல?" என்று கேட்டார்.

"கொடிக்காரந்தான் கிட்ட நின்னான் தொரை" என்றார் மண்டோர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொடித் துணியின் முடிச்சை அவிழ்த்துக் கட்டினேன், அவிழ்த்துக் கட்டினேன். உண்மையைச் சொன்னால் கருப்பையா கப்பலில் ஏற வேண்டும். மாற்றிச் சொன்னால் பிரகாசத்தின் முகத்துக்கு நேராகப் பொய். அவர் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். செயலாளர் மறுபடியும் கேட்டார். வாயைத் திறக்கத்தான் போனேன். என்ன சொல்லியிருப்பேன் என்பது இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

"அவன என்னாத்துக்குத் தொரை கேக்குறீங்க?" என்றார் பிரகாசம். செபம் முடிந்திருந்தது. "நிக்கிற எடத்தப் பாருங்க. கருப்பையாதான எனக்கு முன்னாடி நிக்கிறான்."

அதில் பொய் ஒரு சொல் இல்லை. கருப்பையா அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். செயலாளர் இடத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். கருப்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன். அதற்குள் மண்டோர், "திங்கக்கிழமை விடியல்ல வந்துரு கருப்பையா" என்று முடித்துவிட்டார். பிறகு செருப்பில்லாத காலால், பிரகாசத்தின் பூட்ஸ் பெயர்த்துப் போட்டிருந்த புல்லைப் பள்ளத்துக்குள் இழுத்து வைத்தார். ஒரு தடவை அழுத்தினார். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே அழுத்தினார்.

அடுத்த வாரம் மண்டோர் லீவு போட்டார். அதற்கு முன்பு அவர் லீவு போட்டதே இல்லை. பிரகாசத்தைக் கூட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய்க்குப் போனார் என்று பிறகு தெரிந்தது. நமக்குச் சுண்ணாம்பு கொடுக்கிற சூளைக்காரரிடம் பேசி வண்டி வேலைக்குச் சேர்த்துவிட்டார். லேசான வேலை அல்ல. கை வெந்து தோல் உரியும். பட்டறைக்காரக் கைக்கே அது புதுசு.

முதல் வண்டியோடு பிரகாசம் வந்தபோது தனியாக அகப்பட்டார். எனக்கு ஆறவில்லை. நீங்கள்தானே அண்ணே முன்னால் வந்தீர்கள், நான் பார்த்தேனே என்றேன். மூட்டையை இறக்கி வைத்தார்.

"பார்த்தியா? பார்த்தத வயித்துக்குள்ள வச்சுக்க. அவன் காதுல போட்டுறாதே" என்றார். போகிறவர் திரும்பி வந்து, "செபம் சொல்லிட்டுக் கண்ணத் தொறக்குறேன் தம்பி. எதிர்ல அவன் வாளியத் தேடிக்கிட்டு நிக்கிறான். ஒரு மரம் கூட இல்லாத எடத்துல. வேற என்னா சொல்லச் சொல்றே?" என்றார்.

கருப்பையாவின் மனைவிக்கு ஈப்போவிலேயே பெண் குழந்தை பிறந்தது. மண்டோர் வீட்டில்தான் பெயர் வைத்தார்கள்.

அதன் பிறகு நானும் கருப்பையா அண்ணனும் பல வருஷம் ஒரே ரோலரை இழுத்தோம். எனக்குப் பெரிய கவலை ஒன்று கூடியது. வாய் தவறி என்றைக்காவது சொல்லிவிடுவேனோ என்று. கோப்பிக்கடையில் யாராவது "கருப்பையாதான்யா கெட்டி, பிரகாசத்தையே ஓடி ஜெயிச்ச ஆளு" என்று ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். கருப்பையாவும் கோப்பியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து வருவார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சுண்ணாம்பு வண்டி வருகிற நாளில் இருவருக்கும் பழைய போட்டி திரும்பிவிடும். யார் அதிக மூட்டை இறக்குவது என்று. தூக்குவதில் பிரகாசம். தூக்கிக்கொண்டு நடப்பதில் கருப்பையா. மூட்டை அவர் தோளில் தூங்குகிற பிள்ளை மாதிரி அசையாமல் போகும். தம்பிகளே, உடம்பு வலிமையைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கு நான் கண்டது இவ்வளவுதான். ஒரே ஓட்டம் என்றால் பிரகாசம். நாள் முழுக்க என்றால் கருப்பையா.

வீராசாமி மண்டோர் ஓய்வு பெற்ற வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு நாள் வண்டி இறக்கி முடித்துவிட்டு பிரகாசம், கருப்பையா, நான் மூவருமாகக் கோப்பி குடிக்கப் புறப்பட்டோம். நான் எப்போதும் பின்னால் தங்கிக் கொட்டகையைப் பூட்டி, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறவன். அன்றைக்கும் அப்படித்தான். அதனால் அவர்கள் நடப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். பிரகாசம் முன்னால், கருப்பையா ஓரடி பின்னால். பிரகாசம் நடையைக் குறைத்தால் இவரும் குறைப்பார். அவர் நின்றால் இவரும் நிற்பார். யோசித்தால், பாடாங்கில் சேர்ந்த நாளிலிருந்தே அவர்கள் அப்படித்தான் நடந்தார்கள். எனக்குத்தான் பூட்டைத் தவிர வேறு எதிலும் கண் போகவில்லை.

பிரகாசம் நின்று திரும்பினார். "நான் என்னா வண்டி மாடா? எப்பப் பாரு பின்னாடியே வர்றே. கூட வாயேன்லா."

"நீ போ அண்ணே" என்றார் கருப்பையா. "மணி அடிக்கிறப்ப முன்னாடி இருந்தது யாரு?"

பிரகாசம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சொல்லவில்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு முன்னால் நடந்தார். கருப்பையா ஓரடி விட்டு அவர் பின்னால் நடந்தார். நான் இருவருக்கும் பின்னால்.

அன்றோடு, வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்ற அந்த ஒரு கவலை என்னை விட்டுப் போனது. கோப்பிக்கடை வாசல் வரைக்கும் போன பிறகு, பூட்டைச் சரியாகப் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.